பேப்பர் பிளேட் வீடு

அமெரிக்காவில், டல்லாஸுக்குப் பக்கத்து இர்விங்கில், எங்கள் ஊர்க்காரர்கள் கூடும் பெருநாள் விருந்தில் யார் வீட்டுச் சமையலுக்கு மதிப்பு, யார் வீட்டுச் சமையலுக்கு இல்லை என்று யாரிடமும் விசாரிக்க வேண்டாம். விருந்தை முன்னின்று நடத்தும் ஆஃபீஃபா வாட்ஸப் குரூப்பில் போடும் லிஸ்ட்டைப் பார்த்தால் போதும். பிரியாணி ஒரு வீடு, தாளிச்சா ஒரு வீடு, வட்டலப்பம் ஒரு வீடு என்று வரிசையாக இறங்கி வரும். கடைசி வரியில் பேப்பர் பிளேட், கப், நாப்கின். அந்த வரி கல்யாணமாகாத பையன்களுக்கும் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாதவர்களுக்கும் உரியது. மூன்று வருஷமாக அது எங்கள் வீட்டுக்கு.

நான் ஹபீஸா, கீழக்கரைக்காரி. அதற்கு முன்னால் தாளிச்சா வரியில் என் பெயர்தான் இருந்தது. என் மகன் ஆதிஃப், தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த மாரிசெல்லை நிக்காஹ் செய்துகொண்டு வந்தான். அவள் பிலிப்பைன்ஸ்காரி. கலிமா சொல்லி முஸ்லிமாகித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். அந்தப் பெருநாளே நான் தாளிச்சாவிலிருந்து தட்டுக்கு இறங்கிவிட்டேன். கேட்டால், "உங்களுக்கு எதுக்கு லாத்தா சிரமம்?" என்றாள் ஆஃபீஃபா. என் சிரமத்தைப் பற்றி அவளுக்கு அதுவரை கவலை வந்ததே இல்லை. மருமகள் கை என் சட்டியில் பட்டுவிடும் என்ற கவலைதான் புதிதாக வந்தது. அதை வாய்விட்டுச் சொன்னால் சண்டை வரும். பேப்பர் பிளேட் என்று எழுதினால் வராது. அவ்வளவு புத்திசாலி அவள்.

ஒவ்வொரு பெருநாளும் மாரிசெல் தட்டுக் கட்டைப் பிரித்து மேஜை ஓரத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் கொடுப்பாள். எல்லோரும் "தேங்க்ஸ் மர்யம்" என்பார்கள். மர்யம் என்பது நிக்காஹ் அன்று ஆஃபீஃபாவின் வீட்டுக்காரர் வைத்த பெயர். வீட்டில் நாங்கள் யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. போன நோன்புப் பெருநாளில் எங்கள் கூட்டத்தில் ஒருத்தியான தஹ்ஸீனுடைய சின்ன மகள் ஓடி வந்து, "ப்ளேட் ஆன்ட்டி, ஒன் மோர் ப்ளேட்" என்றது. குழந்தை என்ன செய்யும்? மூன்று வருஷமாகப் பார்த்ததைச் சொன்னது. மாரிசெல் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் வெளியே வரவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது சொல்லிவிட்டாள். "மாமி, நான் வரலை. பார்ட்டி அன்னைக்கு டூட்டி கேட்டுட்டேன். இனிமே எல்லா ஈதுக்கும் டூட்டிதான்."

அவள் வராவிட்டால் ஆதிஃபும் வரமாட்டான். நாளைக்கு அவர்களுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் அதுவும் எங்கள் கூட்டத்தில் உட்காராது. ஆஃபீஃபா ஒரு வரி எழுதி என் குடும்பத்தையே கத்தரித்துவிட்டாள், எனக்குத் தெரியாமலேயே. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"உங்க ஊர்ல விசேஷம்னா என்ன ஆக்குவீங்க?" என்று கேட்டேன்.

"கல்தெரேத்தா," என்றாள். மாட்டிறைச்சியில் செய்கிற கெட்டிக் குழம்பாம்.

"அதை ஆக்கு. டூட்டியை மாத்து. நாம போறோம்."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு ஒரு விரலைத் தூக்கினாள். "நோ மசாலா. நீங்க சட்டிய தொடக்கூடாது. ப்ராமிஸ் பண்ணுங்க, மாமி."

பண்ணினேன். கூடவே குரூப்பில் எழுதினேன்: 'இந்த முறை எங்கள் வீட்டிலிருந்து பேப்பர் பிளேட் வராது. மாரிசெல் சமைக்கிறாள்.' அதற்கு ஆஃபீஃபா ஒரு கட்டைவிரல் போட்டாள். மறுநாள் லிஸ்ட் வந்தது. கடைசி வரி: ஹபீஸா லாத்தா வீடு, பேப்பர் பிளேட். மறுபடியும் எழுதினேன். மறுபடியும் கட்டைவிரல். நான் எழுதுவதைப் படிக்கத் தேவையில்லை என்று முடிவு செய்தவர்களுக்கு மூன்றாம் முறை எழுத நான் என்ன ஸ்கூல் டீச்சரா?

குர்பானிக்கு வழக்கம்போல ஏழு வீடு சேர்ந்து ஒரு மாடு. டல்லாஸுக்கு வெளியே ஒரு பண்ணையில் ஆண்கள் போய் அறுத்துப் பங்கு பிரித்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் பங்கோடு ஈரலும் வந்தது. பெருநாள் என்றால் முதலில் ஈரல் வறுவல்தான். என் வீட்டுக்காரர் பாரூக் அதற்காகவே காலையில் அரை வயிறு பசியோடு இருப்பார். மாரிசெல் அந்த ஈரலை அப்படியே கேட்டாள்.

"முழுசுமா?" என்றார் அவர், பாவம்.

அவர்கள் ஊரில் இந்தக் குழம்பில் டப்பாவில் வரும் ஈரல் விழுதைப் போடுவார்கள். டப்பாவில் இருப்பது பன்றி ஈரல். கல்யாணமானதிலிருந்து அவள் அந்த டப்பாவைத் தொட்டதில்லை. எங்களில் யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தானாகவே லேபிளைப் படித்து, தானாகவே விட்டு, மாட்டீரலை வெங்காயத்தோடு வதக்கி மிக்ஸியில் அரைத்துக்கொள்ளக் கற்றிருந்தாள். அவளைப் போய்ச் சந்தேகப்படுகிறார்கள். ஆஃபீஃபா வீட்டில் குழந்தைகள் தின்கிற, பன்றி ஜெலட்டின் கலந்திருக்கக்கூடிய கம்மி மிட்டாயின் லேபிளை யார் படித்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது.

விருந்தன்று காலை சட்டி ஏறியது. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் முதலில் பொரித்துத் தனியாக வைத்தாள். பூண்டு, வெங்காயம், பெரிய துண்டுகளாக இறைச்சி, தக்காளிச் சாறு, பிரிஞ்சி இலை. அடுப்பைச் சின்னதாக்கி மூடிவிட்டாள். குக்கரில் வைத்தால் நாலு விசில், முடிந்தது காரியம். இவள் அது பாட்டுக்கு வேகட்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். நான் குக்கரைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். என் கல்யாண வாழ்க்கையில்கூட நான் இவ்வளவு நேரம் வாயை மூடியதில்லை. இறைச்சி மெத்தென்று ஆனதும் ஈரல் விழுதைக் கரைத்தாள். குழம்பு நிறம் மாறித் திக்கானது. பிறகு குடைமிளகாய், பச்சை ஆலிவ் காய், கடைசியில் துருவிய சீஸ். குழம்பில் சீஸ்! யா அல்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாரூக் ஒரு கரண்டி எடுத்து ருசி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கரம் மசாலா போட்டா..."

"கைய எடுங்க," என்றேன். "அது அவ சட்டி."

மாரிசெல் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் ஒரு கரண்டி கொடுத்தாள். நாக்கில் முதலில் தக்காளிப் புளிப்பு, பிறகு ஈரலின் கனம், எங்கிருந்தோ லேசாக ஒரு காரம். எங்கள் சமையல் மாதிரி இல்லை. எதற்கு இருக்கவேண்டும்? நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சோற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் ஆக்கிக்கொண்டோம். கிளம்பும்போது காராஜிலிருந்த ஒரு பெட்டியை ஏற்றச் சொன்னேன். ஆதிஃப் கல்யாணத்துக்கென்று ஊரிலிருந்து வரவழைத்த சஹன்கள். ஒரு சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்தக் கல்யாணத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களுக்குக் கேட்டரிங்காரர் தட்டு வைத்துவிட்டார். பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

"இதெல்லாம் எதுக்கு?" என்றார் பாரூக். "பேசாம போற வழியில ப்ளேட் வாங்கிட்டுப் போயிடுவோமே."

"ரெண்டு தடவை எழுதியாச்சு. காரை எடுங்க."

ஹாலில் மேஜைகள் நிரம்பியிருந்தன. எங்கள் சட்டியை ஆஃபீஃபா வீட்டுப் பிரியாணிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஆஃபீஃபா வந்தாள். மூடியைத் திறக்காமலே மோந்து பார்த்தாள்.

"லாத்தா, தப்பா எடுத்துக்காதீங்க. இது ஹலால்தானே? இதுல என்னென்னமோ சேப்பாங்களாமே. பிள்ளைங்க சாப்பிடுறது, அதான்."

மாரிசெல்லின் முகம் வெளுத்தது. அவளுக்கு எங்கள் தமிழ் பாதிக்குமேல் புரியும் என்பதுகூட இவர்களுக்குத் தெரியாது.

"மாடு உங்களுக்குத் தெரிஞ்ச மாடுதான் ஆஃபீஃபா," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏழு பங்குல உங்க வீட்டுப் பங்கும் அதுலதான் இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர்தான் பிஸ்மி சொல்லி அறுத்தார். அது ஹராம்னா உங்க பிரியாணியும் ஹராம்தான். ரெண்டையும் சேத்துக் கொட்டிடுவமா?"

ஆஃபீஃபா சிரிக்கப் பார்த்தாள். "அதுக்கில்ல லாத்தா. நம்ம மசாலா கொஞ்சம் போட்டிருந்தா நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கும்னுதான்..."

"உங்க பிரியாணியில சீஸ் போடுங்கன்னு அவ எப்பயாச்சும் கேட்டாளா?"

தஹ்ஸீன் களுக்கென்று சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆஃபீஃபா பேச்சை மாற்றினாள். "சரி சரி, எல்லாருக்கும் பசி. மர்யம், ப்ளேட் எங்கம்மா?"

"ப்ளேட் கொண்டு வரலை," என்றேன்.

"என்னது?"

"குரூப்ல எழுதினேனே. நீங்க கட்டைவிரல் போட்டீங்களே."

எல்லோரும் ஃபோனை எடுத்தார்கள். ஹால் முழுக்க எத்தனை கட்டைவிரல் மேலும் கீழும் தேய்த்தது! ஆஃபீஃபாவின் வீட்டுக்காரர், "நான் கடைக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்" என்று கார்ச் சாவியைத் தேடினார்.

"நிதானமா போயிட்டு வாங்க," என்றேன். "நாங்க அதுக்குள்ள சாப்பிட்டுடுவோம்."

ஆதிஃப் பெட்டியைக் கொண்டுவந்து பிரித்தான். தரையில் விரிப்பை விரித்தேன். ஒவ்வொரு சஹனிலும் நடுவில் சோற்றைக் குவித்து, மேலே மாரிசெல் தன் கையால் குழம்பை ஊற்றினாள். பிரியாணி வேண்டுமென்றாலும் அந்த சஹனுக்குத்தான் வரவேண்டும். பசித்த பிள்ளைகள் யார் சொல்லுக்கும் காத்திருக்கவில்லை. தஹ்ஸீனின் மகள் முதல் சஹனில் போய் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பொறுக்க ஆரம்பித்தது. அதன் பின்னால் தஹ்ஸீன். ஆண்கள் பக்கமும் வட்டங்கள் கூடின. பாரூக், தியாகம் செய்த தன் ஈரலைத் தேடுகிற மாதிரி குழம்பை வழித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஆஃபீஃபாவுக்கு இடம் இருந்தது எங்கள் சஹனில் மட்டும்தான். வந்து உட்கார்ந்தாள். சஹனில் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் முடிக்கும்வரை எழுந்திருக்கக்கூடாது. மாரிசெல் கையால் மெதுவாகத்தான் சாப்பிடுவாள். சாப்பிடட்டுமே, எங்களுக்கு என்ன அவசரம்? ஆஃபீஃபா முதலில் பிரியாணியை மட்டும் எடுத்தாள். மாரிசெல் ஒரு நல்ல துண்டு இறைச்சியை எடுத்து, எங்கள் ஊர் முறைப்படி அவள் பக்கம் தள்ளி வைத்தாள். சஹனில் தள்ளிவைத்ததை மறுக்கக்கூடாது. அதை நான்தான் இவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், வேறு எப்போதோ.

ஆஃபீஃபா அதைத் தின்றாள். பிறகு அவள் விரல்கள் தானாகக் குழம்புப் பக்கம் போயின. போனவை திரும்பிவர மறந்துவிட்டன. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், அதை மறைக்க நான் முயலவுமில்லை.

கை கழுவும்போது அவள் மாரிசெல்லிடம் வந்தாள். "மர்யம், ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. லிஸ்ட்ல அடுத்த தடவை உனக்கு என்ன போடட்டும்?"

மாரிசெல் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். மூன்று வருஷத்தில் அந்த ஹாலில் அவள் தமிழில் வாய்திறந்தது அன்றுதான்.

"என் பேர் மாரிசெல், ஆன்ட்டி. நான் இதைவிடப் பெரிய சட்டி கொண்டு வர்றேன். பேப்பர் பிளேட் நீங்க கொண்டு வாங்க."