சூடம் அடித்த பத்தாம் நாள்

திலகவதி செத்துக் கிடந்த கணவன் தனகோடியின் வலது கை விரல்களை மடக்கி மூடிப் பார்த்தாள். நிற்கவில்லை, விரிந்துகொண்டன. உள்ளங்கையில் சூடம் சுட்ட கறுப்பு வட்டம். நம் தெருவும் அதைப் பார்க்கத்தான் வந்திருந்தது. வாய்க்கரிசி வெறும் சாக்குத்தான்.

தனகோடி தறியில் உட்காரும் முன் தினமும் விடியலில் பைனாகுலரோடு ஆற்றோரப் பறவைக் காப்பகத்துக்குப் போவார். எதிர்க்கரையில் பெண்கள் குளிக்கும் துறை. ஐம்பத்தாறு வயது மனிதர் நாணலுக்குள் குப்புறப் படுத்து எதைப் பார்ப்பார் என்று கண்டுபிடிக்க நம் தெருவுக்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டு உண்ணாமலை சொன்னாள். மற்றவர்கள் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார்கள். திலகவதி நம்பினாள்.

மாரியம்மன் கோயில் வாசலில், நாலு பேர் முன்னால், "பொம்பளைங்கள பாக்கலன்னு சூடம் அடிச்சி சத்தியம் பண்ணுய்யா" என்றாள். அவர் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். அப்புறம் ஆற்றுப் பக்கமே போகவில்லை. இன்று காலை தறியிலேயே சாய்ந்துவிட்டார்.

"பொய் சத்தியம் பண்ணா அம்மா சும்மா வுடுவாளா?" உண்ணாமலை குசுகுசுத்தாள், வாசல்வரை கேட்கும் குசுகுசுப்பு. "பத்தே நாளு. ஜல்தியா தூக்கினு பூட்டா பாரு."

திலகவதி தலை நிமிரவில்லை. இந்த மனுஷனுக்காக எல்லார் எதிரிலும் அழுவதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

அப்போதுதான் கழுத்தில் கேமராவோடு சிவசங்கரி வந்தாள். காப்பகத்தில் பறவை எண்ண வரும் கல்லூரி டீச்சர்.

"அக்கா, நாணலுக்குள்ள தாழைக்கோழி கூட்ட அண்ணன்தான் எங்களுக்குக் காட்டினாரு. நாய் முட்டைய எடுத்துடப் போவுதுன்னு தெனம் படுத்துகினு காவல் காத்தாரு. பத்து நாளா ஆளக் காணோம். ஒடம்பு சரியில்லாம இருந்தாராங்க்கா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குஞ்சு பொரிச்சத அவரு பாக்கவே இல்ல."

கேமராவின் சின்னத் திரையில் ஐந்து கறுப்புக் குஞ்சுகள் வாயைப் பிளந்தன.

"நான்தாம்மா போவ வுடல" என்றாள் திலகவதி.

அவள் எழுந்து கேமராவை வாங்கி உண்ணாமலையிடம் நீட்டினாள்.

"பாருடி. என் வூட்டுக்காரு பாத்தது இத்தத்தான். எல்லாருக்கும் காட்டு."

உண்ணாமலை பார்த்தாள். அடுத்தவளிடம் கொடுத்தாள். மூன்றாவது கைக்குப் போகும்போது திரை தானாக அணைந்துவிட்டது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று யாரும் கேட்கவில்லை. அணைந்த கேமராவையே வாங்கி, குனிந்து, ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டுக் கொடுத்தார்கள்.