ஒரு முகவரிக்கு நிமிடத்துக்கு அறுபது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் வைத்தியரிடம் நேரம் வாங்கப் போனில் ஒரு பொத்தானை அழுத்தினேன். சுற்றியது. மறுபடி அழுத்தினேன், மறுபடி சுற்றியது. ஏழாவது தடவை, “அதிகக் கோரிக்கைகள். சற்று நேரம் கழித்து முயலவும்” என்றது. பல்வலியோடு பற்றிக்கொண்டு வந்தது. மென்பொருள் வேலை பார்க்கும் தோழியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

“அந்த வரியப் போடுறவளே நான்தாண்டா,” என்றாள். “அதுல ஒரு தடவ நான் மாட்டிக்கிட்ட கதை இருக்கு. கேக்குறியா?”

கேட்டேன். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பல்லையே மறந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: “காலை பத்து மணிக்கு ஒரு லட்சம் விரல்கள் ஒரே நேரத்தில்...” வேண்டாம். விரல்களை எண்ணியது யார்?

இரண்டாம் தொடக்கம்: “ஏபிஐ கேட்வே எனப்படுவது யாதெனில்...” ஐயோ, தேர்வுக்கு வருகிற கேள்வி மாதிரி இருக்கிறது.

மூன்றாவது. கல்லூரி இடங்களைத் தேர்வு செய்யும் தளம் பத்து மணிக்குத் திறக்கும், பதினொன்றுக்கு மூடும். முந்தியவருக்கே இடம். போன வருடம் சில மகானுபாவர்கள் நொடிக்கு ஆயிரம் தடவை தட்டும் நிரல்களை ஏவிவிட்டதில், தளம் நாற்பது நிமிடம் குப்புறக் கிடந்தது. அதனால் இந்த வருடம் வாசலில் ஓர் ஆளை நிறுத்தினார்கள். கேட்வே என்பது அந்த வாசல்தான். சர்வருக்குப் போகும் எல்லாக் கோரிக்கையும் அதன் வழியாகத்தான் போகவேண்டும். அதில் வரம்பு வைத்தவள் என் தோழி. அலுவலகத்தில் அவளுக்கு ‘வாசல்காரி’ என்றே பெயர்.

அவள் வைத்த விதி ஒரே வரி: ஓர் இணைய முகவரியிலிருந்து, அதாவது ஓர் இணைப்பிலிருந்து, நிமிடத்துக்கு அறுபது கோரிக்கை. அறுபத்தொன்றாவதைத் திருப்பி அனுப்பு.

[இங்கே அவளைப் பற்றி ஒரு பத்தி வர்ணனை எழுதியிருந்தேன். ‘கூர்மையான கண்கள்’ என்று ஆரம்பித்தது. படித்துவிட்டு, “கண்ணாடி போட்டாத்தான் எனக்குத் திரையே தெரியும்” என்றாள். எடுத்துவிட்டேன்.]

3

சோதித்துப் பார்க்காமலா விட்டார்கள்? நான்கு பேர் ஒரு வாரம் தட்டிப் பார்த்தார்கள். எல்லாம் கச்சிதம். ஆனால் அந்த அலுவலகத்தின் வைஃபை ஆமை. ஆகவே நான்கு பேரும் அவரவர் போனின் இணையத்திலேயே சோதித்தார்கள். நான்கு போன், நான்கு முகவரி. ஒரே இணைப்பின் கீழ் பலர் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்க அந்த அறையில் வழியே இல்லை. நல்ல வைஃபை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை என்பதை வாசகர் கவனிக்கவும்.

4

பத்து மணி. திரையில் வருகை காட்டும் வரைபடம் செங்குத்தாக ஏறியது. ஒரு லட்சம் பேர்! சர்வர் அசையவில்லை. நிரல்காரர்கள் வாசலிலேயே முட்டிக்கொண்டு நின்றார்கள். வாசல்காரி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். எதற்கும் “மெதுவா, மெதுவா” என்று சொல்வதால் ‘மெதுவா’ என்றே பெயர் வாங்கிய டீம் லீட்கூட மேசையைத் தட்டினார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பத்து நான்கு. அவள் அக்காவிடமிருந்து போன். அக்கா பள்ளி ஆசிரியை.

“என்னடி பண்ணி வெச்சிருக்க? கம்ப்யூட்டர் ரூம்ல நாப்பத்திரெண்டு பிள்ளைங்க. ஒருத்தருக்கும் திறக்கல. ‘சற்று நேரம் கழித்து’னு வருது. இதுங்க வீட்ல நெட் இருந்தா நான் ஏன் இங்க கூட்டிட்டு வரேன்?”

“எல்லாரும் ஒரே லைன்லயா இருக்கீங்க?”

“பின்ன, ஆளுக்கொரு லைனா குடுப்பாங்க?”

அவள் கணக்குப் போட்டாள். ஒரு பக்கம் திறக்கவே எட்டுக் கோரிக்கை போகும். ஏழு பேருக்குமேல் உட்கார்ந்தால், அவள் வைத்த வாசலுக்கு அந்த அறையே ஒரு திருடன். நாற்பத்திரண்டு பேரும் ஒரே நேரத்தில் தட்டினால் ஒருவருக்கும் எட்டும் முழுசாகக் கிடைக்காது.

5

“அந்த ஸ்கூல் முகவரிக்கு மட்டும் விலக்கு குடுத்துரு,” என்றார் மெதுவா.

திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பட்டியலை அவள் திறந்தாள். முகவரிகள் முந்நூற்றுக்குமேல். விடுதிகள், நூலகங்கள், பள்ளிகள், நடுநடுவே நிரல்காரர்கள் என்று எல்லாம் கலந்திருக்கும். எது எதென்று பிரிக்க ஒரு நாள் ஆகும்.

“எங்க அக்கா போன் பண்ணிட்டா சார். மத்தவங்களுக்கு இங்க போன் பண்ண அக்கா இல்லயே.”

(இந்த வரியை நான் எழுதவில்லை. அவள் சொன்னதுதான். பொறாமையாக இருக்கிறது.)

அப்போதுதான் தவறு எங்கே என்று பிடிபட்டது. வாசல் முதலில் எண்ணுகிறது, பிறகுதான் யாரென்று கேட்கிறது. வரிசையை மாற்றினால் போதும்! முதலில் யாரென்று கேள், பிறகு அவரவர் உள்நுழையத் தரும் விண்ணப்ப எண்ணுக்குத் தனித்தனியாகக் கணக்கு வை. நாற்பத்திரண்டு பிள்ளைகளும் நாற்பத்திரண்டு பேராகிவிடுவார்கள். மாற்றம் இரண்டே வரி. உட்கார்ந்து அடித்தாள்.

6

ஒரு சிக்கல். யாரென்று கேட்கும் பகுதிக்கு இதுவரை சலித்தெடுத்த கூட்டம்தான் வந்தது. வரிசையை மாற்றினால் நிரல்காரர்களின் மொத்தப் படையும் அதன் மேல் விழும். தாங்குமா? யாரும் சோதித்ததில்லை. தாங்காவிட்டால் ஒரு லட்சம் பேருக்கும் தளம் படுத்துவிடும்.

இன்னொன்று. அந்த அலுவலகத்தில் எழுதியவரே மாற்றத்தை ஓடவிட முடியாது. இரண்டாவது ஆள் படித்துப் பார்த்து ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தவேண்டும். அந்த ஆள் மெதுவா. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள இருக்குற லட்சம் பேர நான் எப்படிம்மா பணயம் வெப்பேன்?”

“வெளிய நிக்கிறவங்க கணக்குல இல்லயா சார்?”

7

முடிவு அ: அழுத்தினார், தாங்கியது, நாற்பத்திரண்டு பேரும் கூச்சலிட... எனக்கே பல் கூசும் அளவுக்கு இனித்தது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: அழுத்தினார்; பத்து பன்னிரண்டுக்கு வரைபடம் தரையைத் தொட்டு... இதையும் அடித்துவிட்டேன்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லட்டுமா என்று அவளிடமே கேட்டேன்.

“சொல்லாத. முடிவு தெரிஞ்சப்புறம் எல்லாரும் புத்திசாலி. ‘நான்னா அப்பவே அழுத்திருப்பேன்’பான் ஒருத்தன். ‘நான் தொட்டிருக்கவே மாட்டேன்’பான் இன்னொருத்தன். எங்களுக்குத் தெரியாதுல்ல அப்ப? அந்த நிமிஷத்த மட்டும் எழுது.”

அவள் சொன்னதுதான் சரி. ஆகவே மெதுவாவை நாற்காலியிலிருந்து எழுப்பிவிடுகிறேன். பாவம், அவருக்கும் வியர்க்கிறது. நீங்கள் உட்காருங்கள். இரண்டு வரியையும் படித்துவிட்டீர்கள், எழுத்தில் பிழை இல்லை. மணி பத்து பதினொன்று. மூன்றில் ஒரு பங்கு இடம் போய்விட்டது. மேசையில் கிடக்கும் போனில் அக்கா இன்னும் லைனில் இருக்கிறாள், அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தட்டும் சத்தம் கேட்கிறது. ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தான் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கிறது.