பொய்க்குரலில் ஒரு ஒத்திகை

உச்ச ஸ்தாயியில் மூன்றாவது முறையாகவும் பாடகனின் குரல் உடைந்தது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து இசையமைப்பாளர் மைக்கில் சொன்னார்: "இன்னும் ஒரே டேக். வரலேன்னா வேற ஆள்தான்."

கோரஸில் நின்ற அவன் மனைவி அருகில் வந்தாள். "கத்தாதீங்க. அந்த வரியைப் பொய்க்குரல்ல மெல்லமா பாடிப் பாருங்க."

"பொம்பளை மாதிரியா? மானம் போயிடும்."

"பாட்டே கை நழுவுது. மானத்தை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

வேண்டாவெறுப்பாகப் பாடினான். கழுத்து நரம்பு புடைக்கவே இல்லை. சுரம் சிரமமின்றி வந்தது.

"தொண்டையை இப்படியே விட்டுட்டு, கொஞ்சங்கொஞ்சமா பலத்தைக் கூட்டுங்க," என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அந்த வரி நெருங்கியது. தொண்டையை இறுக்காமல் ஏறினான். குரல் உடையவில்லை.

இசையமைப்பாளர் கைபேசியை எடுத்தார். வேறு ஆளைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தான் பாடகன்.

"நீங்க வர வேண்டாம், தம்பி," என்றார் அவர் கைபேசியில். "பாட்டு முடிஞ்சிடுச்சு."