அடித்தல் திருத்தல் இல்லாத குடும்பம்

அண்ணன் ஓய்வு பெற்ற மறுமாதமே எங்கள் குடும்பத்துக்கு ஒரு வரலாறு தேவைப்பட்டது. அதுவரை அது இல்லாமல் நன்றாகத்தான் இருந்தோம்.

சம்பந்தி வீட்டார் தங்கள் வம்ச வரலாற்றைக் கெட்டி அட்டை போட்டு அச்சடித்து, எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒரு நீதிபதி, மருத்துவர்கள், குதிரை மேல் ஒருவர் என்று சகலரும் இருந்தார்கள். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு தாத்தா. ‘அரசு அலுவலகத்தில் இருந்தவர்’ என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். என்ன வேலை என்று கேட்கும் பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

தாத்தாவின் தகரப் பெட்டி அத்தையிடம் இருந்தது. அத்தை எங்கள் அப்பாவின் தங்கை. அந்தத் தலைமுறையில் மிச்சம் அவள் ஒருத்திதான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

“தர்றேன். ஆனா ஆஸ்பத்திரின்னு எங்க வந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லணும்” என்றாள்.

அத்தைக்கு ஒரு அக்கா இருந்தாளாம். ஏழு வயதில் தொற்றுக் காய்ச்சல் கண்டு, ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பார்க்க யாரையும் விடவில்லை. அவள் திரும்பி வரவும் இல்லை.

“எங்கப்பா அவளப் பாக்கறதுக்கு ஏதாவது பண்ணாரா, இல்ல சும்மா உக்காந்திருந்தாரா. அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

“நீங்களே படிச்சிருக்கலாமே அத்தை?”

“கண்ணு இருந்தப்ப மனசு வரல. மனசு வந்தப்ப கண்ணு போயிடுச்சு.”

பெட்டி நிறைய மக்கிய தாள்கள். நான் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுக்க, அண்ணன் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியோடு அமர்ந்து அவற்றைச் ‘செயற்கை நுண்ணறிவிடம்’ ஒப்படைத்தார். அந்தச் சொல்லைத் தானே பெற்றுப் பெயர் வைத்ததுபோல் ஒவ்வொரு எழுத்தாக உச்சரிப்பார். அது பழைய கையெழுத்தைப் படித்து, அச்சு எழுத்தில் தந்துவிடும். தொடங்குமுன் ஒன்று மட்டும் கேட்டது: அடித்த எழுத்துகளைச் சேர்க்கவா, விடவா?

“விட்டுடு” என்றார் அண்ணன். “நம்ம குடும்பத்துல அடித்தல் திருத்தல் இருந்துதுன்னு எவனும் சொல்லக் கூடாது.”

மறுநாள் அது தாத்தாவின் வாழ்க்கைச் சுருக்கத்தையும் சேர்த்தே தயாரித்துக் கொடுத்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

“இவர் ஐந்து முறை மணம் புரிந்தவர். செய்யாத திருட்டுக்காக இருமுறை சிறை சென்றவர். ஆலை விபத்தில் வலது காலையும், வண்டி விபத்தில் இடது காலையும் இழந்தார். பின்னர் நல்ல உடற்கட்டு உடையவர் என்ற முறையில் காவலாளி வேலைக்கு விண்ணப்பித்தார். இறுதியில் கணவரால் கைவிடப்பட்டார்.”

“அஞ்சு கல்யாணமா” என்றாள் அண்ணி. “அந்தச் சுறுசுறுப்புல கால்வாசி பேரனுக்கு வந்திருக்கலாம்.”

“எல்லாம் அவர் கையெழுத்துதான். நான், என் மனைவி, என் கால்னுதான் எழுதியிருக்காரு” என்றார் அண்ணன். குதிரை மேல் இருந்தவர் அவர் கண்முன் தூசி கிளப்பிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அத்தை சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

“அது எதுவும் அவர் கதை இல்லடா. அவரு மனு எழுதறவரு. ஆபீஸ் வாசல்ல மரத்தடியில ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பாரு. எழுதத் தெரியாதவங்க வந்து அழுவாங்க. இவரு அதை ‘நான்’னு எழுதிக் குடுப்பாரு. இதெல்லாம் நகல்.”

“ஆபீஸ்ல இருந்தாருன்னு சொன்னீங்களே?”

“ஆபீஸ்லதான். வெளிய.”

அண்ணன் மடிக்கணினியை மூடப் போனார். நான் தடுத்து, ‘ஆஸ்பத்திரி’ என்று போட்டுத் தேடினேன். நிறைய வந்தன. யாரோ ஒருவரின் மனைவி, யாரோ ஒருவரின் கால். சிறுமி யாரும் இல்லை.

“இல்லியா?”

“இல்ல அத்தை.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். “ஒரு தடவ மூஞ்சிக்கு நேரா கேட்டேன். ஊருக்கெல்லாம் எழுதினீங்களே, அவளுக்கு ஒரு வரி எழுதினீங்களான்னு. பதில் சொல்லல. பேனாவத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் அவரு சாகற வரைக்கும் நான் சரியா முகம் குடுத்துப் பேசல.”

பட்டியலின் கீழே, ‘வெற்றுத் தாள்’ என்று ஒன்று இருந்தது. வெற்றுத் தாள் எதையும் நான் படமெடுக்கவில்லை. மை அப்பிக் கருத்துக் கிடந்த ஒரு தாள் நினைவுக்கு வந்தது. அடித்த எழுத்துகளையும் சேர்க்கும்படி மாற்றி, அதை மறுபடி கொடுத்தேன்.

அண்ணனைப் படிக்கச் சொன்னேன். இந்த முறை அவர் தொண்டையைச் செருமவில்லை.

“மேன்மை தங்கிய ஐயா அவர்களுக்கு, காய்ச்சல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டுள்ள சிறுமியின் தகப்பனாகிய நான் பணிந்து. அடிச்சிருக்கு. ஐயா, என் மூத்த மகளை ஒரு முறை. அடிச்சிருக்கு. ஐயா, உள்ளே விட வேண்டாம், ஜன்னலுக்கு வெளியே நின்று. அடிச்சிருக்கு. ஐயா, அவளுக்கு இருட்டென்றால் பயம், படுக்கைப் பக்கம் ஒரு விளக்கு. அடிச்சிருக்கு. ஐயா, பாப்பா. அதையும் அடிச்சிருக்கு.” அண்ணன் நிறுத்தினார். “அதுக்கு மேல எழுதல.”

மற்றவர்கள் துயரத்தை ஒரு சொல் பிசகாமல் எழுதித் தள்ளியவர். பெட்டியில் அடித்தல் உள்ள தாள் இது ஒன்றுதான்.

“குடுத்தாரா?” என்றாள் அத்தை.

“தெரியல அத்தை. இது மட்டுந்தான் இருக்கு.”

“எழுதிப் பாத்தேன், வரலன்னு சொல்லியிருக்கலாமே. அன்னைக்குக் கேட்டப்ப அதையாவது சொல்லியிருக்கலாமே.”

கணினிக்கு மட்டும் சும்மா இருக்கும் நாகரிகம் தெரியவில்லை. இந்த மனு முழுமையடையவில்லை, முடித்துத் தரட்டுமா என்று கேட்டது. அண்ணன், ஏதாவது செய்தாக வேண்டும் என்ற தவிப்பில், சரி என்று அழுத்திவிட்டார். கண் இமைக்குமுன் வந்துவிட்டது ஒரு பக்கம். கருணை, கனிவு, தந்தையின் உள்ளம், என்றும் கடமைப்பட்டுள்ள என்று எதுவும் குறையவில்லை. அதையும் படித்துக் காட்டினார்.

அத்தை கடைசிவரை கேட்டாள்.

“நல்லா எழுதுது. அவரும் மத்தவங்களுக்கு இப்படித்தான் எழுதுவாரு” என்றாள். பிறகு, “அடிச்சிடு” என்றாள்.

அண்ணன் அதை அழித்தார். மடிக்கணினியை மூடினார்.

அத்தை அந்தத் தாளை மட்டும் வாங்கி மடியில் விரித்து, விரலால் தடவினாள். அழுத்தி அடித்ததில் ஓரிடத்தில் பேனா முள் தாளைக் கிழித்திருந்தது. விரல் அங்கே நின்றது.

“இது எந்த வரி?”

குனிந்து பார்த்தேன்.

“விளக்கு” என்றேன்.