பெரட்டில் கூப்பிடாத பெயர்கள்

1984ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஓடைக்கல் தோட்டத்து ராக்கெட் கம்பெனி ஆட்குறைப்புச் செய்த காலையில், பெரட்டில் பெயர் கூப்பிடப்படாத ஆண்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்தார்கள். அந்த வாரம் பால் டின் விலை பத்து காசு ஏறியிருந்தது. இரண்டைப் பற்றியும் மக்கள் ஒரே குரலில்தான் பேசினார்கள்.

மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே இருந்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு, 1977இல் ஒரு தனியார் விண்வெளிக் கம்பெனி வந்தது. துணைக்கோள்களை மலிவாக வானத்தில் நிறுத்தித் தருவதாகச் சொன்னார்கள். ரப்பர் பால் வெட்டியவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் இரும்புக் குழாய் தூக்கினார்கள், பெண்கள் கொட்டகையில் உட்கார்ந்து கம்பிகளை ஈயத்தால் ஒட்டினார்கள். ராக்கெட்டுகள் சுண்ணாம்பு மலையின் உயரம்வரை போய், பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் விழுந்தன. விழுந்த நாட்களில் செத்த மீன்கள் மிதந்தன, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லார் வீட்டிலும் மீன் குழம்பு கொதித்தது. கம்பெனி எல்லாவற்றையும் மாற்றியது, பெரட்டை மட்டும் விட்டுவைத்தது. விடியுமுன் திடலில் எல்லாரும் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி கல்மேடையில் ஏறி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, அவரவருக்கான அன்றைய வேலையைச் சொல்வார். பெயருக்குரியவர் ‘இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். கூப்பிடும்வரை வரிசையை விட்டு நகரக்கூடாது. அது வெள்ளைக்காரத் துரைகள் காலத்து விதி.

அன்று யாழ்ப்பாணத்துக்காரரான அருளம்பலம் கிராணி பாதிப் பெயர்களோடு நிறுத்திக்கொண்டு இறங்கிப் போனார். வேறு அறிவிப்பு எதுவும் இல்லை. விடுபட்ட பெண்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சோறு வடிக்க வேண்டியிருந்ததால் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் உயரவில்லை. ஆண்கள் நின்றார்கள். வெயில் ஏற ஏற அவர்களும் ஏறினார்கள். மறுநாள் முழங்கால் உயரம், வாரக் கடைசியில் கூரை உயரம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை ஈப்போவிலிருந்து வேன் பிடித்து ஜனங்கள் வந்தார்கள். ஐஸ் துருவிப் பாகு ஊற்றி ஐஸ் கச்சாங் விற்பவன் திடலோரம் கடை போட்டான். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் அண்ணாந்து பேசிவிட்டுக் கழுத்து வலியோடு திரும்பினார். போலீஸ்காரர் இரண்டு தடவை ‘துருன், துருன்’ என்று இறங்கச் சொல்லிவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். சிலர் மேலே இருந்தவர்களை எண்ணி நாலு நம்பர் லாட்டரி எடுத்தார்கள், பரிசு விழவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை யாரும் வரவில்லை. ஐஸ் கச்சாங்காரன் பள்ளிக்கூட வாசலுக்கே போய்விட்டான்.

மேலே இருந்தவர்களில் பத்துமலையும் ஒருவர். அவர் மனைவி ராக்காயி மூங்கில் கழி நுனியில் சோற்றுத் தூக்கைக் கட்டி நீட்டுவாள்.

“பசிக்குதா?”

“தெரியல.”

“மேல எப்புடி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

வேலை பறிபோகாத கார்த்திகேசு ஒருநாள் கல்மேடையில் ஏறி நின்று கத்தினார். “பத்துமலை! எறங்குடா மச்சான்! ஏழு வருசமா கம்பெனி ஒரு குழாயக்கூட மேல நிறுத்தல. வேலைய விட்டு எடுத்ததும் நீ நிக்கிற லா!” பத்துமலை குனிந்து பார்த்தார், சிரித்த மாதிரியும் இருந்தது. இறங்கவில்லை. பெயரை மட்டும் கூப்பிட்டால் அது பெரட்டு ஆகாது. பெயருக்குப் பின்னால் ஒரு வேலை வர வேண்டும்.

மாதக் கடைசிக்குள் லயத்தைக் காலி செய்யும்படி கம்பெனி சொல்லியிருந்தது. ராக்காயி ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் ஒரு வாடகை அறை பார்த்து வைத்திருந்தாள். போய்விட்டால் அவருக்குச் சோறு நீட்ட ஆள் இல்லை. மூங்கிலுக்கும் இனி நீளம் போதாது. அவள் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“ஐயா, ஒரே ஒரு தடவ அவரு பேரக் கூப்பிடுங்க.”

“கூப்பிட்டா வேலை குடுக்க வேணும், ராக்காயி. வேலை எங்க கிடக்கு? பிறகு என்ர பேரும் இராது.” கிராணி தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்தார். “நீர் கூப்பிட்டுப் பாருமன்.”

“நான் எப்புடிய்யா அவரு பேரச் சொல்றது?”

புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. ராக்காயி தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயிலுக்கு டிக்கெட் எடுக்கும்போதுகூட ‘அந்தக் குகைக் கோயிலுக்கு’ என்றுதான் கேட்பாள். பெரியாஸ்பத்திரியில் நர்ஸ் புருஷன் பெயரைக் கேட்டபோது, சுவரில் தொங்கிய காலண்டர் முருகனைக் காட்டியவள்.

கடைசி நாள் லாரி வந்தது. அடுப்பும் பாயும் ஏறின, அலமாரி மட்டும் வாசலில் நின்றது. மேலே பத்துமலை ஒரு சட்டை அளவுக்குத் தெரிந்தார்.

“அக்கா, போலாம் லா. மழை வருது,” என்றார் லாரி ஓட்டும் பழனியப்பன்.

ராக்காயி திடலுக்கு நடந்தாள். கல்மேடையில் ஏறினாள். முந்தானைக்குள் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

“பத்துமலை!” என்றாள். குரல் யாருடையதோ போல இருந்தது. “அலமாரிய லாரியில ஏத்தணும்!”

மிகத் தொலைவிலிருந்து, “இருக்கேன்,” என்று வந்தது.

அவர் இறங்கி வந்து அலமாரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தைப் பழனியப்பன் பிடித்தார். பார்த்திருந்த பெண்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த சில நாட்களில் வேறு சில மனைவிகளும் மேடை ஏறினார்கள், விறகு பிளக்கவும் கூரை ஒழுக்கை அடைக்கவும் கூப்பிட்டார்கள். இருளாயி மட்டும் கடைசிவரை மறுத்தாள். “எம் புருசன் மேலயாவது உசுரோட இருக்கட்டும்,” என்றாள். தீபாவளிக்குள் அந்த ஆள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டார். ஈப்போவில் இறங்கும் விமானங்கள் அந்த இடத்தில் இன்றும் சற்றே இடப்பக்கம் ஒதுங்குகின்றன. கம்பெனி அடுத்த ஆண்டு மூடப்பட்டது. திடலில் செம்பனை வைத்தார்கள்.

புந்தோங்கில் பத்துமலைக்கு ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஆனால் ராத்திரி தூங்கி விழித்தால் கால் தரையில் பாவாது. ராக்காயி தினமும் விடியலில் வாசலில் நின்று அவர் பெயரைக் கூப்பிட்டு ஒரு வேலை சொல்வாள். அக்கம்பக்கத்தார் முதலில் காதைப் பொத்திக்கொண்டார்கள், பிறகு அதை வைத்து எழுந்திருக்கப் பழகினார்கள். ஆயுசு குறைகிறதா என்று அவர் ஒருமுறையும் கேட்கவில்லை. அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

1988 மழைக்காலத்தில் ராக்காயிக்குக் காய்ச்சல் கண்டு தொண்டை அடைத்துக்கொண்டது. பத்துமலை கூரைத் தகரத்தில் முதுகு முட்ட, அவள் பாய்க்கு நேர்மேலே படுத்தபடி மிதந்தார். அடுத்த வீட்டு நல்லம்மாள் வந்து பெயரோடு வேலையும் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள், பலிக்கவில்லை. யாரும் பதறவில்லை. பட்டறைக்கு ஆள் அனுப்பி லீவு சொன்னார்கள். காய்ச்சல் விட்ட காலையில் ராக்காயி கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“பத்துமலை,” என்றாள், பாதி காற்றாக. “காப்பி போடு.”

“இருக்கேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து, அடுப்பைப் பற்றவைத்தார்.