அக்கா விழுங்கிய வாக்கியம்

சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதற்காகப் பேசாமடந்தை என்று நினைத்துவிட வேண்டாம். பேச ஆரம்பித்தால் கை ஓயாது. அந்தக் கைப்பேச்சை ஊருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு அக்காவுடையது. யாரும் கொடுத்ததல்ல, சிறுவயதிலேயே தானாகத் தலையில் விழுந்தது.

சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசைக்கு முன்னால் சின்னவள் பல வருடமாக நிற்கிறாள். அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாளர் இடம் காலியானது. மேலாளர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விருப்பம் கேட்டார், இவளை மட்டும் விட்டுவிட்டு.

அந்தச் சமயம் பார்த்து, வேலைக்குப் போகிறவர்களுக்காக நூலகத்தில் ஒரு பயிற்சி நடந்தது. தங்கள் கதையைத் தாங்களே கைபேசியில் எடுத்துக் குறும்படமாக்க வேண்டும். கடைசி நாள் அவரவர் வேலையிடத்து மேலாளர்களையும் அழைத்துப் போட்டுக் காட்டுவார்கள். 'கேட்காத குரல்கள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தனக்கென்றே வைத்த பெயர் என்று சின்னவள் சிரித்துக்கொண்டாள்.

இஸ்திரி மேசையருகே நின்று தன் கதையைக் கையால் சொல்லிப் படமெடுத்தாள். முடிவில் சொன்னதுதான் அவளுக்கு முக்கியம்: அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும், என்னால் முடியும், என்னை ஏன் கேட்கவில்லை? அக்கா அதைப் பார்த்துக்கொண்டே குரல் கொடுத்தாள்.

பயிற்சி தரும் பெண் கணினியில் இரண்டையும் சேர்த்துக் காட்டினாள். மேலே படம், கீழே குரல் ஒரு கோடாக ஓடியது. பேசினால் கோடு புடைக்கும், பேசாவிட்டால் படுத்துவிடும். அக்காவின் குரலைச் சின்னவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தாள்.

முடிவுக்கு வந்ததும் கை நின்றது. மேலே அவள் கைகள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தன. கீழே சின்னதாக ஒரு புடைப்பு, அப்புறம் வெறும் கோடு.

"நான் இவ்வளவு சொன்னேன். நீ என்ன சொன்னே?" என்று கையால் கேட்டாள்.

அக்கா கொஞ்சம் பூசி மெழுகிப் பார்த்தாள். முடியவில்லை. "எனக்கு இந்த வேலை பிடிக்கும்னு சொன்னேன். மேலாளர் கோவிச்சுக்கிட்டா இருக்கிற வேலையும் போயிடுமேன்னு பயமா இருந்துச்சு."

சின்னவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டரிடம், வங்கியில், பள்ளிக்கூடத்தில் என்று எத்தனை இடத்தில் இந்தக் கோடு இப்படிப் படுத்துக் கிடந்திருக்கும்? போன வருஷங்களையெல்லாம் ஓட்டிப் பார்க்க எந்தக் கணினி இருக்கிறது?

"பயம் உன்னோடது. அதை என் பேச்சுல கலக்காதே," என்றாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தாள். சின்னவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்தத் தடவை கோடு கடைசிவரை புடைத்துக்கொண்டே போனது.

படம் போட்ட அன்று மேலாளரும் வந்திருந்தார். படம் முடிந்து விளக்குப் போட்டதும் வழக்கம்போல நேராக அக்காவிடம் போய் ஏதோ கேட்டார். அக்கா வாயைத் திறக்கவில்லை. தங்கையைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

மேலாளர் கைபேசியை எடுத்துத் தட்டி அவளிடம் நீட்டினார்: 'அடுத்த வாரம் அக்காவோட வாங்க, பேசலாம்.'

சின்னவள் அதை வாங்கிப் பதில் தட்டினாள்: 'அக்காவுக்கு வேலை இருக்கு. இப்பவே பேசலாம்.' தட்டிவிட்டு, அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.