கவர்னர் உத்தரவும் ஓர் ஆயில் என்ஜினும்

புயல் கரையைக் கடந்துவிட்டது. மழையும் விட்டுவிட்டது. ஆனால் தையல்நாயகியின் ஏழு மா நிலத்துச் சம்பாப் பயிர் மட்டும் இன்னும் தண்ணீருக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடந்தது.

தூர் கட்டுகிற பருவம். இன்றைக்கு இறைத்தால் பயிர் பிழைக்கும். நாளைக் காலையைத் தாண்டினால் நாற்றம்தான் மிஞ்சும். இறைப்பதற்கு வீட்டிலேயே ஆயில் என்ஜின் இருந்தது. காலைக் காப்பி குடிக்கும்வரை இருந்தது.

காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் சிறப்பு அதிகாரி வந்துவிட்டார்.

பெயர் திருஞானசம்பந்தம். புயல் நிவாரணத்துக்கென்று புதுச்சேரியிலிருந்து காரைக்காலுக்கு அனுப்பப்பட்டவர். முழங்கால்வரை சுருட்டிய பேண்ட், கையில் செருப்பு, பின்னால் சிவப்புத் தொப்பி வைத்த போலீஸ்காரர்கள் இரண்டு பேர். ஜீப் எங்கேயோ சேற்றில் உட்கார்ந்துவிட, நெடுங்காடுவரை நடந்தே வந்திருந்தார். லெப்டினன்ட் கவர்னர் அவசர உத்தரவு போட்டிருப்பதாகச் சொன்னார். காரைக்கால் எல்லைக்குள் எந்த வண்டியையும், எந்த இயந்திரத்தையும், யாரிடமிருந்தும் நிவாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். தடுத்தால் வழக்கு.

டவுன் பள்ளிக்கூடத்தில் கடலோரக் குடும்பங்களைத் தங்கவைத்திருந்தார்கள். வகுப்பறைகளில் முழங்கால் தண்ணீர். குழந்தைகள் பெஞ்சின் மேல். அதை இறைக்கத்தான் என்ஜின்.

அரை நாள் விடுங்கள், வயலை இறைத்துவிட்டு நானே அனுப்புகிறேன் என்று தையல்நாயகி கேட்டுப் பார்த்தாள். உத்தரவில் அரை நாள், கால் நாள் எல்லாம் கிடையாது என்றார் அவர்.

"உங்க வீட்டுக்காரர் அந்தப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தானே? அவரும் அந்தத் தண்ணியிலதாம்மா நிக்கிறார்."

"அவருக்கு நீச்சல் தெரியுங்க. என் பயிருக்குத் தெரியாது."

ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றிக்கொண்டார். அதிகாரி சிரிக்கவில்லை. தையல்நாயகியின் மாட்டுவண்டியிலேயே அவளுடைய என்ஜினை ஏற்றச் சொன்னார். ஏற்றியது மருதையன். அவளுக்கு வண்டி ஓட்டுகிறவன், என்ஜின் ஓட்டுகிறவன் எல்லாம் அவன்தான். உத்தரவுக்குள் தானும் அடக்கம்போல என்று நினைத்துக்கொண்டு மாட்டைத் தட்டினான்.

நேர்ச் சாலையில் மதகு பெயர்ந்து கிடந்தது. ஆகவே மருதையன் வண்டியை மேற்கே திருப்பினான். தினமும் போகிற பழக்கம். அந்த வழி வளைந்து, ஒரு கூப்பிடு தூரம் தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் புகுந்து, மறுபடி காரைக்காலுக்குள் வந்து சேரும். எல்லை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கோணல்மாணலாக ஓடும். வீடு இந்த ராஜ்யம், களம் அந்த ராஜ்யம் என்று பாதிப் பேர் குடித்தனம் நடத்தினார்கள். சாராயக் கடைக்குப் போகிறவர்களைத் தவிர வேறு யாரும் எல்லையை நினைப்பதேயில்லை.

வாசலில் நின்ற தையல்நாயகி, வண்டி மேற்கே திரும்புவதைப் பார்த்தாள். முதலில் உறைக்கவில்லை. உறைத்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஓட ஆரம்பித்தாள். வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள். பிரெஞ்சுக்காரன் காலத்து எல்லைக்கல்லைத் தாண்டி வண்டி முழுசாக அந்தப் பக்கம் போகிறவரை பொறுத்திருந்துவிட்டு, குறுக்கே பாய்ந்து மாடுகளுக்கு முன்னால் நின்றாள். மாடுகள் அவளைப் பார்த்ததும் தாமாகவே நின்றன.

"இது தஞ்சாவூர் ஜில்லாங்க. உங்க கவர்னர் அந்தக் கல்லோட நின்னுட்டாரு. என்ஜின எறக்கிட்டுப் போங்க."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். கல் இருந்தது. சிரித்த போலீஸ்காரர் சத்தமில்லாமல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆனால் திருஞானசம்பந்தம் லேசுப்பட்ட ஆள் இல்லை. என்ஜினை எடுத்தது காரைக்கால் மண்ணில், வழியில் எந்த ஊர் வந்தாலும் எடுத்தது எடுத்ததுதான் என்று ஒரு போடு போட்டார். தையல்நாயகி கல்லையும் வண்டியையும் மாறிமாறிப் பார்த்தாள். அப்படியும் இருக்குமோ?

அப்போதுதான் வண்டி நின்ற இடத்தைக் கவனித்தாள். லோகாம்பாளின் களம். உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை.

லோகாம்பாள் அவள் கணவனின் தங்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஒரு காதுகுத்தில் சீர்த்தட்டை முதலில் யார் தூக்குவது என்று எழுந்த தகராறில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. எடுத்துக்கிட்டுப் போங்க என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கதை முடிந்தது.

வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து லோகாம்பாள் நிதானமாக வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அதிகாரியிடம் வெகு மரியாதையாக விசாரித்தாள். வேற்று ராஜ்யத்துப் போலீஸ் யாரைக் கேட்டுக்கொண்டு தன் களத்தில் நிற்கிறது? பயிர்ச் சேதம் பார்க்க தஞ்சாவூர்க் கலெக்டர் ஆபீஸ்காரர்கள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள், கூப்பிட்டு விடட்டுமா?

கலெக்டர் ஆபீஸிலிருந்து கவர்னர் மாளிகைக்கு ஒரு புகார் பறப்பது திருஞானசம்பந்தத்தின் கண்முன் ஓடியது. வண்டியை விட்டு விலகி நின்றார்.

லோகாம்பாள் தையல்நாயகியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "காதுகுத்துல எனக்குப் பண்ணுனது பண்ணுனதுதான். அதுக்காக எங்க அண்ணன் வயல அழுகிப்போவ விடுவனா? எறக்கு மருதையா."

என்ஜின் லோகாம்பாளின் வரப்பில் இறங்கியது. தண்ணீரை உறிஞ்சும் ஓஸ் எல்லைக்கல்லைத் தாண்டி, கல்லை ஒட்டி இந்தப் பக்கம் கிடந்த தையல்நாயகியின் வயலுக்குள் போனது. மருதையன் கைப்பிடியைச் சுற்றினான். இரண்டு முறை தும்மிவிட்டு என்ஜின் பிடித்துக்கொண்டது. காரைக்கால் தண்ணீர் தஞ்சாவூர் வடிகாலில் விழுந்தது.

அதிகாரி போகவில்லை. ஓஸைப் பார்த்தார். அதன் வாய் கவர்னரின் மண்ணில் கிடந்தது. நினைத்தால் உத்தரவைக் காட்டி, அறுத்து, சுருட்டிக்கொண்டு போகலாம். அது தையல்நாயகிக்கும் தெரிந்தது. அவர் கல்லைத் தாண்டி ஓஸை நோக்கி நடந்தபோது அவளும் பின்னாலேயே ஓடினாள்.

அவர் ஓஸைத் தாண்டிப் போய் வரப்பில் உட்கார்ந்தார். காலைக் கழுவிக்கொண்டார்.

வேறு குரலில் பேசினார். மூன்று ஊர் சுற்றியாகிவிட்டதாம். உத்தரவு என்று காதில் விழுந்ததுமே அவரவர் என்ஜினை வைக்கோல் போட்டு மூடிவிட்டார்களாம். முகாமில் இரண்டு கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சல், படுக்கவைக்க ஈரமில்லாத இடம் இல்லையாம்.

"உத்தரவத் தூக்கிக்கிட்டு வந்ததுதான் தப்பாப்போச்சும்மா. எப்பத் தருவீங்க?"

தையல்நாயகி வயலைப் பார்த்தாள். உச்சிவெயிலுக்குள் பாதி வயலில் பயிர் நுனி தலைகாட்டிவிடும். மீதிக்கு நாளைக் காலை என்ஜின் வேண்டும். வராவிட்டால் அந்தப் பாதி போச்சு.

"கல்லத் தாண்டுனா கவர்னர் மறுபடி முழிச்சுக்குவாரு. பாத்துக்க அண்ணி" என்றாள் லோகாம்பாள். அண்ணி என்று சொல்லிவிட்டோமே என்று அவளுக்கே தூக்கிவாரிப்போட்டிருக்க வேண்டும். சட்டென்று வடிகாலைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நாளைக்குக் காலம்பற திரும்பி வருமாங்க?" தையல்நாயகி கேட்டாள்.

"வரும்."

"உத்தரவுல அப்படி இருக்கா?"

"இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் அவளை யோசிக்கவைத்தது.

உச்சிவெயிலில் என்ஜினை நிறுத்தி, ஆறவைத்து, வண்டியில் ஏற்றினார்கள். மறுபடி காரைக்கால் எல்லைக்குள் நுழைந்ததும் போலீஸ்காரர் தொப்பியை மாட்டிக்கொண்டு, பறிமுதல் என்று சொல்லிவிடலாமா சார் என்று மெல்லக் கேட்டார். வண்டியில் உட்கார்ந்திருந்த தையல்நாயகி என்ஜினைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இரவல்னு சொல்லு" என்றார் திருஞானசம்பந்தம்.

இரவல் கொடுத்த சாமானோடு ஆளும் போவதுதான் முறை என்று லோகாம்பாள் வண்டியில் ஏறிவிட்டாள். தையல்நாயகி நகர்ந்து இடம் விட்டாள். டவுன் போய்ச் சேரும்வரை சீர்த்தட்டு விஷயத்தில் யார் மேல் தப்பு என்று இரண்டு பேரும் உரக்கச் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் வண்டி திரும்பி வந்தது. மீதி வயலுக்குள் ஓஸ் இறங்கியது.